விரலுக்கா, கண்ணுக்கா? நான்கு சரம் "கிரிஸ்டல்" மணிகள்

என் மேஜையில் இப்போது நான்கு சரம் மணி கிடக்கிறது. நான்கும் எட்டு மில்லிமீட்டர், நான்கிலும் நிறம் இல்லை, நான்கையும் கொடுத்தவர்கள் "கிரிஸ்டல்" என்றே சொல்லிக் கொடுத்தார்கள். ஒன்று பர்மாவில் ரத்தினக் கல் எடுக்கும் மோகோக் பக்கத்துக் கல். ஒன்று ஆஸ்திரியாவில் பட்டை தீட்டிய கண்ணாடி, பழைய இருப்பு. ஒன்று செக் நாட்டுக் கண்ணாடி. கடைசிச் சரம் சீனாவிலிருந்து வந்தது.

அக்கா மகளுக்குத் தை மாதம் இங்கே ரங்கூனில் கல்யாணம். மணி கோர்க்கும் வேலை என்னுடையது. வரவேற்புக்குப் பெண் போட்டுக்கொள்ள ஒரு கழுத்து மாலையும் தோடும் வேண்டும். தோழிகள் ஆறு பேருக்கு ஒரே மாதிரி மாலை வேண்டும். அதோடு அம்மாவுக்கு ஒரு ஸ்படிக ஜபமாலை. "எல்லாம் கிரிஸ்டல்தானே, ஒரே இடத்தில் மொத்தமாக வாங்கினால் விலை குறையுமே" என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்விதான். அவளுக்குப் பதில் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது. இங்கே கல்யாணம் வைத்திருக்கும் மற்ற வீடுகளுக்கும் உதவட்டும் என்று அதை எழுதுகிறேன்.

இதில் எனக்கு ஒரு பழைய வலியும் உண்டு. அம்மாவின் அறுபதாவது வயதுக்கு நான்தான் ஒரு ஸ்படிக மாலை வாங்கிக் கொடுத்தேன். கல்லுக்கான விலையைக் கொடுத்து வாங்கியது. பதினோரு வருடம் அம்மா அதில்தான் ஜபம் செய்தார். போன வருடம் அது அறுந்தது. சிதறிய மணிகளைப் பொறுக்கி எடுத்து, துளை தேய்ந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மணிக்குள்ளே கடுகில் கால்வாசி அளவுக்கு உருண்டையாக ஒரு காற்றுக் குமிழி இருந்தது. அடுத்த மணியில் இரண்டு. அத்தனையும் கண்ணாடி. அம்மா வருத்தப்படவில்லை. "நான் சொன்ன பேர் சாமிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், விடு" என்றார். என்னால்தான் விட முடியவில்லை. வாங்கும்போது ஒரு லென்ஸை எடுத்துப் பார்க்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அதனால் முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஸ்படிகம் என்பது பூமியில் விளையும் கல். சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த சிலிக்கா ஒழுங்காக அடுக்கி வளர்ந்த குவார்ட்ஸ். கண்ணாடியிலும் பெரும்பகுதி அதே சிலிக்காதான். ஆனால் உருக்கி, சோடாவோ பொட்டாஷோ ஈயமோ சேர்த்து, அடுக்கு உண்டாவதற்குள் ஆறவிட்டது. அறிவியல்படி கண்ணாடியைப் படிகம் என்றே சொல்ல முடியாது. பழைய கிரேக்கர்கள் ஸ்படிகத்தை உருகாத அளவுக்கு உறைந்துபோன பனிக்கட்டி என்று நம்பினார்கள். பனிக்கட்டிக்கு அவர்கள் வைத்திருந்த பெயரிலிருந்துதான் கிரிஸ்டல் என்ற சொல் வந்தது. பிற்பாடு வெனிஸ் நகரத்துக் கண்ணாடிக்காரர்கள் ஸ்படிகம் மாதிரியே தெளிவான கண்ணாடி செய்து அதற்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள். குழப்பம் அன்று தொடங்கியது.

நம்மிடமும் இதே கதை. பழந்தமிழில் பளிங்கு என்றால் இந்தத் தெளிந்த கல். இன்று பளிங்கு என்றால் தரையில் பதிக்கும் மார்பிள் நினைவுக்கு வருகிறது. பர்மிய மொழி இந்த விஷயத்தில் கறாரானது. கல்லுக்குத் தலின், கண்ணாடிக்குப் பன். ஸ்காட் மார்க்கெட்டில் (பெரியவர்கள் இன்னும் போஜோ மார்க்கெட்டை அப்படித்தான் சொல்கிறார்கள்) "கிரிஸ்டல் இருக்கிறதா" என்று கேட்டால் எதை வேண்டுமானாலும் காட்டுவார்கள். "தலினா, பன்னா" என்று கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் ஒரு பக்கம் வந்தே ஆக வேண்டும்.

சரி, எதை எதற்கு வாங்குவது? நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். இந்த மாலையை அதிகம் அனுபவிக்கப்போவது விரலா, கண்ணா? விரல் என்றால் கல். கண் என்றால் கண்ணாடி. இதைச் சொன்னதும் அக்காவுக்கு ஆச்சரியம். விலை அதிகமான கல்தானே அதிகம் மின்னும் என்று அவள் நினைத்திருந்தாள். அப்படி இல்லை. வெள்ளை ஒளியை வானவில்லாகப் பிரித்துக் காட்டும் சக்தி குவார்ட்ஸுக்கு மிகக் குறைவு. வைரத்துக்கு அந்த அளவு 0.044, குவார்ட்ஸுக்கு 0.013. ஈயம் சேர்த்த கண்ணாடி இதில் குவார்ட்ஸை எளிதாக மிஞ்சும். வரவேற்பு ஹாலின் விளக்கு வெளிச்சத்தில் ஸ்படிக மாலை தண்ணீர்த்துளி மாதிரி அமைதியாக இருக்கும். பக்கத்தில் இருப்பவர் போட்டிருக்கும் கண்ணாடி மாலைதான் போட்டோவில் பளிச்சென்று விழும்.

கையில் எடுத்தால் கதை மாறுகிறது. குவார்ட்ஸ் உடம்புச் சூட்டைக் கண்ணாடியைவிடப் பல மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும். அதனால்தான் தொட்டவுடன் சில்லென்று இருக்கிறது. ஸ்படிகம் உடம்புக்குக் குளிர்ச்சி என்று நம் வீடுகளில் சொல்வது இந்த அனுபவத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அதை மருந்தாக நான் சொல்லமாட்டேன். ஆனால் சித்திரை மாதத்து ரங்கூன் வெயிலில், கரண்டு போன மத்தியான நேரத்தில், அந்தச் சில்லிப்பு கைக்குள் உருண்டால் மனசு ஒரு நிலைக்கு வருவது உண்மை. கடினத்திலும் கல்தான் மேல். மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7, கண்ணாடி ஐந்தரை அக்கம்பக்கம். தினமும் நூற்றெட்டு முறை விரலில் உருண்டு, விபூதியும் தூசியும் பட்டு, ஒன்றோடொன்று உரசும் மணிக்கு இந்த வித்தியாசம் பெரிது. கண்ணாடி மணி சில வருடங்களில் மங்கும். அம்மாவின் பழைய மாலை மங்கியபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கல்லை மணியாக்கும் வேலையில் நம் முன்னோர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நொய்யல் ஆற்றங்கரையில், ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில், கிறிஸ்து பிறப்பதற்கு முன்பிருந்தே மணி செய்யும் பட்டறைகள் நடந்தன. அகழாய்வில் ஸ்படிகம், சூதுபவளம், பச்சைக்கல் என்று பல கற்களில் மணி கிடைத்தது. முடிந்த மணி மட்டும் கிடைத்திருந்தால் யாரோ வாங்கி அணிந்தது என்று சொல்லிவிடலாம். பாதி செதுக்கியது, வழவழப்பாக்கியும் துளை போடாதது, துளை போடும்போது உடைந்தது என்று எல்லாப் படியிலும் கிடைத்திருக்கிறது. அங்கேயே செய்தார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். கடல் தாண்டி இந்த பர்மாவிலும் ஹலின், பெய்க்தனோ, ஸ்ரீ க்ஷேத்ரா ஆகிய பழைய பியூ நகரங்களைத் தோண்டியபோது கல் மணிகளும் கண்ணாடி மணிகளும் வந்தன. 2014-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் பர்மாவிலிருந்து முதன்முதலாக ஏறிய இடங்கள் அவை. அங்கே கிடைத்த சின்னச் சின்னக் கண்ணாடி மணிகளில், நம் அரிக்கமேட்டில் செய்த அதே முறையில் செய்தவையும் உண்டு. உருகிய கண்ணாடியை உள்ளே காற்றோடு நீளக் குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, சாம்பலோடு சூடாக்கி முனையை மழுக்கும் முறை அது. திருப்பதிப் பக்கத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் அதே முறை நம் காலம் வரைக்கும் உயிரோடு இருந்தது. நம் ஆட்கள் கூலிக்கும் வட்டிக் கடைக்கும் கப்பல் ஏறி இங்கே வருவதற்குப் பல நூறு வருடம் முன்பே நம் பக்கத்து மணி முறை இந்த மண்ணுக்கு வந்துவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

ஸ்படிக மணியின் விலை எங்கே போகிறது என்று தெரிந்தால் பேரம் பேசும் விதமும் மாறும். கல்லை வெட்டி முதலில் கனசதுரத் துண்டாக்க வேண்டும். மூலைகளைத் தட்டி உருண்டையாக்கி, சாணையில் தேய்க்க வேண்டும். அதற்குள்ளேயே கல்லில் பெரும்பகுதி தூளாகப் போய்விடும். உள்ளே மயிரிழை விரிசல் இருந்த துண்டெல்லாம் கழிவு. பிறகு துளை. பழைய காலத்தில் முனையில் சின்ன வைரத் துண்டு பதித்த துளைக்கோலை வில்லால் சுழற்றித் துளைத்தார்கள். குஜராத்தின் காம்பாத்தில் இந்த வில் துளைப்பு மிக நீண்ட காலம் நடந்தது. இன்று மீயொலி இயந்திரம் அந்த வேலையைச் செய்கிறது. எப்படிச் செய்தாலும் ஒரு பக்கத்திலிருந்து முழுக்கத் துளைத்தால் மறுபக்கம் வாய் பிளந்து சில்லு பெயரும். அதனால் இரண்டு பக்கமிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்க வைப்பார்கள். நல்ல வேலையில் இரண்டும் ஒரே நேரில் சந்திக்கும். மட்டமான வேலையில் நடுவில் ஒரு படி விழுந்திருக்கும், அந்தப் படிதான் நூலை அறுக்கும். கடைசியில் மெருகு. காம்பாத்தில் மணிகளைப் பொடியோடு தோல் பைக்குள் போட்டு, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து நாள்கணக்கில் உருட்டுவார்களாம். இப்போது சுழலும் பீப்பாயும் சீரியம் ஆக்சைடு என்ற மெருகுப் பொடியும்.

தஞ்சாவூருக்குப் பக்கத்தில் வல்லம் இருக்கிறதே, அந்த ஊர் ஸ்படிகத்தில் ஒரு காலத்தில் மூக்குக் கண்ணாடிக்கான வில்லைகளே செய்தார்கள். நம் தாத்தா காலத்து ஆட்கள் வல்லத்துக் கல் கண்ணாடி என்று பெருமையாகச் சொல்வார்கள். மூக்குக் கண்ணாடி செய்யும் அளவுக்குத் தெளிவான கல் என்றால் எவ்வளவு சுத்தமாக இருந்திருக்க வேண்டும்!

இங்கே மோகோக் வட்டாரத்தில் சாக்கன்ஜி என்ற இடம் புஷ்பராகத்துக்கும் ஸ்படிகத்துக்கும் பேர்போனது. என் மேஜையில் இருக்கும் சரமும் அங்கேதான் எடுத்தது என்று கடைக்காரர் சொன்னார். இருக்கலாம். ஆனால் குவார்ட்ஸ் மணியின் மேல் ஊர் எழுதியிருக்காது. பிரேசிலும் மடகாஸ்கரும் உலகச் சந்தைக்கு எக்கச்சக்கமாக அனுப்புகின்றன. மாணிக்கத்துக்கு மோகோக் என்ற பெயர் விலையை ஏற்றலாம், ஸ்படிகத்துக்கு அந்தப் பெயருக்காக ஒரு கியாட்கூட அதிகம் கொடுக்கத் தேவையில்லை. தெளிவுக்கும் துளைக்கும் மட்டும் காசு கொடுங்கள்.

கல்லா கண்ணாடியா என்று பார்க்கும் வழிகளில் நான் நம்பும் மூன்றைச் சொல்கிறேன். முதலாவது லென்ஸ். பத்து மடங்கு பெரிதாக்கும் நகை லென்ஸில் உருண்டைக் குமிழி தெரிந்தால் அது கண்ணாடி, பேச்சே வேண்டாம். கல்லுக்குள் மெல்லிய திரை, ஊசி, மேகம் மாதிரி ஏதாவது இருக்கும். இரண்டாவது சில்லிப்பு. இரண்டு சரத்தையும் பத்து நிமிடம் ஒரே இடத்தில் வைத்துவிட்டு, ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். கல் சில்லென்று இருக்கும், கண்ணாடி சீக்கிரம் உங்கள் சூட்டுக்கு வந்துவிடும். மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. பழைய மாதிரி எல்சிடி கம்ப்யூட்டர் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். போலராய்டு கூலிங் கிளாஸ் ஒன்றைத் திரைக்கு எதிரே பிடித்து, திரை கறுப்பாகும் வரை திருப்புங்கள். இப்போது நடுவில் மணியைக் காட்டி மெல்ல உருட்டினால், ஸ்படிக மணி வண்ணத்தோடு பிரகாசிக்கும். கண்ணாடி மணி இருட்டாகவே இருக்கும், அதிகம் போனால் மங்கலாக ஒரு சிலுவைக் கோடு தெரியும். ஸ்படிகம் ஒளியை இரண்டாகப் பிரிப்பதால் நடக்கும் வேலை இது. அம்மாவின் பழைய மாலையை அப்படிப் பார்த்தேன், ஐம்பத்து நான்கும் இருட்டு.

இந்தச் சோதனைக்கும் ஒரு எல்லை உண்டு. ஆலையில் நீராவி அழுத்தத்தில் வளர்த்த குவார்ட்ஸும் உண்மையான குவார்ட்ஸ்தான், அதுவும் பிரகாசிக்கும். ஒரு குறைகூட இல்லாமல், தண்ணீர் மாதிரி 108 மணியும் ஒரே தெளிவில் இருந்து, விலையும் குறைவாக இருந்தால் நான் கேள்வி கேட்பேன். ஓப்பலைட், செர்ரி குவார்ட்ஸ் என்ற பெயரில் விற்பவை பெரும்பாலும் கண்ணாடி.

இப்போது கண்ணாடிப் பக்கம். கண்ணாடியைத் தாழ்வாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. ஏமாற்றி விற்பதுதான் தப்பு, கண்ணாடி மேல் தப்பில்லை. 1674-இல் லண்டனில் ஜார்ஜ் ராவன்ஸ்கிராஃப்ட் என்பவர் தெளிவான கண்ணாடிக்குக் காப்புரிமை வாங்கினார். கண்ணாடிக் கலவையில் ஈய ஆக்சைடைச் சேர்த்தது அவருடைய பட்டறையின் பெரிய வேலை. ஈயம் சேர்ந்தால் கண்ணாடி கனக்கும், பட்டை தீட்ட இணங்கும், ஒளியை அள்ளி வீசும். 1969-இல் ஐரோப்பாவில் போட்ட விதிப்படி 24 சதவீதம் ஈய ஆக்சைடு இருந்தால்தான் ஈயக் கிரிஸ்டல் என்று பெயர் வைக்கலாம்.

பொஹீமியாவில், இன்றைய செக் நாட்டு யாப்லோனெட்ஸ் ஊரைச் சுற்றி, வீட்டுக்கு வீடு மணி செய்தார்கள். கண்ணாடிக் கம்பியின் நுனியைத் தீயில் இளக்கி, இடுக்கி மாதிரி அச்சில் அழுத்தி மணியாக்குவார்கள். பிறகு சாணையில் பட்டை போடுவார்கள். சாணை பட்ட முகம் மங்கலாக இருக்கும். அதை ஒவ்வொன்றாக மெருகேற்றாமல், மொத்தமாகச் சூளைக்குள் விட்டு மேல்தோல் மட்டும் லேசாக உருகும்படி செய்து எடுப்பார்கள். உருகிய தோல் தானாகவே பளபளக்கும். நெருப்பு மெருகு என்று இதற்குப் பெயர். பட்டைகளின் விளிம்பு கத்தி மாதிரி கூராக இல்லாமல் கொஞ்சம் மழுங்கி இருப்பதை வைத்து இந்த மணியை அடையாளம் கண்டுகொள்ளலாம். சிலர் இதைக் குறையாகப் பார்க்கிறார்கள். கோர்க்கிறவள் என்ற முறையில் எனக்கு அதுதான் வரம். அந்த விளிம்பு நூலை அறுக்காது, கழுத்தையும் உரசாது.

அதே வட்டாரத்தில் 1862-இல் பிறந்தவர்தான் டேனியல் ஸ்வரோவ்ஸ்கி. கையால் செய்த பட்டை வேலையை மின்சார இயந்திரத்துக்குக் கொண்டுவந்தார். 1895-இல் ஆஸ்திரியாவின் டிரோல் மலைப் பக்கம் வாட்டென்ஸ் என்ற ஊருக்குப் போனார். ஆற்றுத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாம், தொழில் ரகசியமும் வெளியே போகாது. 1956-இல் அவருடைய நிறுவனத்தார் பாரிஸ் ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோரோடு சேர்ந்து, மணியின் மேல் வானவில் பூச்சு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இன்று சந்தையில் ஏபி என்று சொல்லும் பூச்சு அதுதான். 2012-இல் ஈயம் இல்லாத கலவைக்கு மாறினார்கள். 2020-இல், மணி கோர்க்கிறவர்களுக்கும் சிறு கடைகளுக்கும் உதிரி மணி விற்பதை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். இந்தக் கடைசிச் செய்தி நமக்கு முக்கியம். இன்று ரங்கூனில் "புதுசாக வந்த ஆஸ்திரியா மணி" என்று யாராவது உதிரியாகக் கொடுத்தால் இரண்டு முறை யோசியுங்கள். பழைய இருப்பாக இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம். பழைய இருப்பு என்றால் ஈயம் உள்ள காலத்தது என்பதற்கும் வாய்ப்பு உண்டு.

ஈயம் என்றதும் பயப்பட வேண்டாம். கண்ணாடிக்குள் கட்டுண்ட ஈயம் பெரியவர்கள் கழுத்தில் போடுவதால் உடம்புக்குள் இறங்கிவிடாது. எதையும் வாயில் வைக்கும் குழந்தைகளுக்குத்தான் கவனம். அமெரிக்காவில் 2011 முதல் குழந்தைகளுக்கான பொருட்களில் ஈயம் பத்து லட்சத்தில் நூறு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது, கிரிஸ்டல் மணிக்கும் விலக்குக் கிடையாது. கல்யாணத்துக்கு வரும் கைக்குழந்தைக்கு மிச்ச மணியில் வளையல் கோர்த்துக் கட்டிவிடுவது நம் வீடுகளில் சாதாரணம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சீனச் சரத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஜெஜியாங் மாகாணத்துப் புஜியாங் வட்டாரத்தில் இயந்திரத்தில் ஆயிரம் ஆயிரமாகப் பட்டை போட்டு வருகிறது. விலை மிகக் குறைவு, மின்னல் நன்றாகவே இருக்கிறது. சரத்துக்குச் சரம் அளவு கொஞ்சம் மாறும், துளை வாயில் கூர் இருக்கும், பூச்சு சீக்கிரம் போகும்.

இனி எங்கள் வீட்டு முடிவு.

அம்மாவுக்குக் கல்தான், வேறு பேச்சே இல்லை. எத்தனை மணி, எந்த அளவு என்பதில்தான் யோசனை. எட்டு மில்லிமீட்டரில் 108 மணி என்றால் எழுபத்தைந்து கிராம் வரும். எழுபதைத் தாண்டிய கழுத்துக்கு அது பாரம். ஆறு மில்லிமீட்டரில் 108 என்றால் முப்பத்திரண்டு கிராம்தான், ஆனால் மூட்டு வலி உள்ள விரலுக்கு அந்த மணி சின்னது, எண்ணும்போது இரண்டு மணி சேர்ந்து நழுவும். கடைசியில் எட்டு மில்லிமீட்டரில் 54 மணியும் ஒரு மேருமணியும் (எண்ணத் தொடங்கும் தலைமணி) என்று முடிவு செய்தோம். முப்பத்தெட்டு கிராம், இரண்டு சுற்றுப் போனால் நூற்றெட்டு. தலை வழியாக நுழையாது, கையில் வைத்துக்கொள்வதற்கு மட்டும். அம்மாவுக்கும் அதுதான் வேண்டும். பகோடா வாசல் கடைகளில் பர்மியர்களின் 108 மணி ஜபமாலை அழகழகாகக் கிடைக்கிறது, தலின் கல்லிலும் உண்டு. அதையே வாங்கிப் பாதியாகப் பிரித்தால் இரண்டு பேருக்கு மாலை ஆகும், மேருமணி மட்டும் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். என் சித்தி வீட்டோடு சேர்ந்து அப்படித்தான் வாங்கினோம்.

பெண்ணுக்கு ஆஸ்திரியா மணியா செக் மணியா என்பதில் எனக்கும் அக்காவுக்கும் ஒரு வாரம் வாக்குவாதம். இரண்டையும் விளக்கடியில் கல்யாணப் பெண்ணின் கழுத்தில் வைத்துப் பார்த்தோம். மின்னலில் ஆஸ்திரியா ஜெயித்தது, அதை மறுக்க முடியாது. பட்டை ஒவ்வொன்றும் ஒரே கோணத்தில் இருப்பதால் தலையைத் திருப்பினாலே தீப்பொறி பறக்கிறது. ஆனால் அந்த ஒரு சரத்துக்கு மேல் அதே மணி எனக்கு இனிக் கிடைக்காது. நாளைக்கு ஒரு மணி உடைந்தால் மாற்று இல்லை. அப்புறம் பட்டுப் புடவை. கூரான விளிம்பு ஜரிகையை இழுத்துவிடும், ஒரு கல்யாணத்தில் நேரிலேயே பார்த்திருக்கிறேன். அதனால் கழுத்து மாலைக்குச் செக் மணி, புடவையில் படாத தோட்டுக்கு மட்டும் ஆஸ்திரியா மணி. முகத்துக்குப் பக்கத்தில் மின்னல் வேண்டிய இடமும் காதுதான். அக்காவுக்கும் இது திருப்தி.

தோழிகளுக்குச் சீனச் சரம் போதும். ஒரு நாள் மாலை, ஆறு பேர், ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஆனால் ஏபி பூச்சு இல்லாத வெறும் தெளிவு மணி. இங்கே பெண்கள் கழுத்துக்கும் தனகா (மரப்பட்டையை அரைத்த பூச்சு) பூசுகிறார்கள், மேலே செண்டும் அடிப்பார்கள். தனகாத் தூளும் வியர்வையும் பட்டு, பூச்சு திட்டுத் திட்டாக உரிந்தால் மாலை ஒரே நாளில் பழசாகத் தெரியும். பூச்சு இல்லாத மணியைக் கழுவித் துடைத்தால் முடிந்தது.

கோர்க்கும் நூலை மணிக்கு ஏற்ப மாற்ற வேண்டும். கடையில் எல்லாவற்றையும் ஒரே நரம்பில் கோர்த்துக் கொடுப்பார்கள், அதை நம்பாதீர்கள். சீன மணிக்கும் ஆஸ்திரிய மணிக்கும் பிளாஸ்டிக் பூசிய மெல்லிய எஃகுக் கம்பிதான் தாங்கும். செக் மணிக்குப் பட்டு நூலில் முடிச்சுப் போட்டுக் கோர்க்கலாம், மாலை அழகாகத் தொங்கும். ஜபமாலைக்கு ஒவ்வொரு மணிக்கும் நடுவில் முடிச்சு கட்டாயம். அறுந்தாலும் ஒரு மணிதான் விழும். பருத்தி நூல் வேண்டவே வேண்டாம். வைகாசியில் தொடங்கி ஐப்பசி வரைக்கும் பெய்யும் இந்த ஊர் மழையில் பருத்தி ஈரத்தைக் குடித்து உள்ளேயே இற்றுப்போகும். நான் அம்மாவுக்கு நைலான் நூல் எடுத்திருக்கிறேன்.

பொற்கொல்லரிடம் கொடுத்துத் தங்கக் கம்பியில் கட்ட விரும்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மணி கம்பியில் இருக்கும்போது பக்கத்தில் தீ வைத்துப் பற்றவைக்க விடாதீர்கள். 573 டிகிரியில் குவார்ட்ஸின் உள் அடுக்கு சட்டென்று மாறும், அந்தச் சூட்டை எட்டினால் கல் விரிந்து வெடிக்கும். அதற்கு முன்பே சூடு ஒரே சீராக ஏறாமல் விரிசல் விடவும் கூடும். கண்ணாடிக்கும் இதே கதிதான். கொக்கியும் வளையமும் முதலில் பற்றவைத்து ஆறட்டும், மணி அதற்குப் பிறகு ஏறட்டும்.

வாங்கிய ஸ்படிகச் சரத்தில் ஏழு மணிக்குத் துளை நடுவில் படி இருக்கிறது. வைரப் பொடி பூசிய மெல்லிய அரத்தைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, இரண்டு பக்கமிருந்தும் அந்தப் படியைத் தேய்த்து எடுக்க வேண்டும். உலர்ந்த தூள் நெஞ்சுக்குக் கெடுதல் என்பதால் தண்ணீருக்கு அடியில்தான் தேய்ப்பேன். ஒரு மணிக்குக் கால் மணி நேரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வேலையை முடித்துவிட்டு, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எண்ண எண்ண முடிச்சுப் போடப்போகிறேன்.